ஒகோனோமியாகி: கடையில் உண்ணவும் வீட்டில் சுடவும் முழுமையான வழிகாட்டி

ஒகோனோமியாகி என்பது முட்டைக்கோஸை மாவுடன் சேர்த்து இரும்புக் கல்லில் வட்டமாகச் சுடும் ஜப்பானியப் பண்டம். ஒருவருக்கான ஒகோனோமியாகியில் மாவு 50 கிராம் என்றால் முட்டைக்கோஸ் 150 கிராம் இருக்கும். இந்த விகிதத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்வரும் படிகள் எல்லாவற்றுக்கும் காரணம் தானாகவே விளங்கிவிடும். முட்டைக்கோஸ் தன்னுள் இருக்கும் நீரின் ஆவியிலேயே வேக வேண்டும். மாவு அதைப் பிடித்துவைக்கும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். புதிதாகச் செய்பவர்கள் இதை அடைமாவைப்போல் கருதி, மாவை நிறையக் கரைத்துக் காய்கறியைச் சிறிது சேர்க்கிறார்கள். நடுவில் வேகாத, வாயில் பிசுபிசுக்கும் பண்டம் பெரும்பாலும் அப்படித்தான் உருவாகிறது.

வாய்ப்பு இருப்பவர்கள் முதலில் கடையில் உண்டு பார்த்துவிட்டு, அதன்பிறகு வீட்டில் செய்வது நல்லது. உள்ளே எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதை நாக்கு அறிந்திருந்தால், கல்லில் இருந்து எடுக்கும் நேரத்தைக் கை சரியாகக் கணிக்கும்.

1. எந்த வகை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு முறைகள் முதன்மையானவை. ஒசாகாவிலும் அதைச் சுற்றிய கன்சாய் வட்டாரத்திலும் மாவு, முட்டைக்கோஸ், முட்டை ஆகியவற்றை ஒரே கிண்ணத்தில் கலந்து தடிமனாகச் சுடுகிறார்கள். ஹிரோஷிமாவில் எதையும் கலப்பதில்லை. மெல்லிய மாவு வட்டத்தின் மேல் முட்டைக்கோஸ், இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

உண்பதற்கு இரண்டில் எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். வீட்டில் செய்வதற்கு ஒசாகா முறையே முதற்படி. அதற்கு ஒரு கல் போதும், வட்டத்தைத் திருப்பத் தெரிந்தால் போதும். ஹிரோஷிமா முறைக்கு இரண்டு கற்களும், உயரமான அடுக்கைச் சிதறாமல் புரட்டும் கையும் வேண்டும்.

ஹிரோஷிமா மாகாணத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. ஃபுச்சூ நகரில் பன்றி இறைச்சித் துண்டுகளுக்குப் பதிலாகக் கொத்திறைச்சியைச் சேர்க்கிறார்கள். குரே நகரில் மெல்லிய ஊடோன் நூடுல்ஸ் வைத்து இரண்டாக மடித்துத் தருகிறார்கள். தோக்கியோவில் ட்சுகிஷிமா பகுதி பெயர்பெற்றிருப்பது மொஞ்சயாகிக்கு. அது மிக நீர்த்த மாவில் செய்யப்படும் வேறு பண்டம். முதல் தடவை ஒகோனோமியாகி தேடிச் செல்பவர்கள் அங்கே போய் இதுதான் அது என்று எண்ணிவிடக் கூடாது.

2. கடைக்குச் செல்வதும் ஆர்டர் செய்வதும்

ஒசாகாவில் டோட்டோன்போரி, ட்சுருஹாஷி பகுதிகளிலும், ஹிரோஷிமாவில் ஷின்டென்ச்சியில் உள்ள ஒகோனோமிமுரா கட்டடத்திலும் கடைகள் நெருக்கமாக உள்ளன. ஒகோனோமிமுராவில் இரண்டாம் தளம் முதல் நான்காம் தளம் வரை சிறுசிறு கடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீண்ட இரும்புக் கல், அதைச் சுற்றி இருக்கைகள். சமைப்பவரின் கையை ஓரடி தொலைவிலிருந்து பார்க்க முடியும் என்பதால், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் மேசையை விட்டுவிட்டு இத்தகைய கல்லோர இருக்கையையே கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளே அமர்ந்ததும் கவனிக்க வேண்டியது, சுடுவது யார் என்பது. ஒசாகாவில் சில கடைகளில் பணியாளர்களே சுட்டுத் தருகிறார்கள். சில கடைகளில் கலவையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்கள் மேசையில் உள்ள கல்லில் நீங்களே சுடும்படி விட்டுவிடுகிறார்கள். தெரியவில்லை என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் உதவி செய்வார்கள். பணியாளர் சுடும் கடையில் நாமே கரண்டியை எடுத்து அழுத்துவதும் திருப்புவதும் கூடாது. ஆர்வத்தில் பலர் செய்யும் தவறு இது.

முதல் தடவை ஒசாகாவில் புட்டாடாமா கேளுங்கள். பன்றி வயிற்றுக்கறியும் முட்டையும் சேர்ந்த அடிப்படை வகை அது. கணவாய் வேண்டுமானால் இக்காடாமா, இறால் வேண்டுமானால் எபிடாமா. எல்லாம் கலந்த வகையை முதலில் வாங்கினால் முட்டைக்கோஸின் இனிப்பு மற்றவற்றின் அடியில் மறைந்துபோகும். ஹிரோஷிமாவில் அடிப்படை வகை நிக்குடாமா சோபா: இறைச்சி, முட்டை, நூடுல்ஸ். சோபா என்றால் பொதுவாகப் பக்வீட் எனும் தானியத்தில் செய்த நூடுல்ஸ்; இங்கே அது கோதுமையில் செய்த சீன வகை நூடுல்ஸ்தான். எனினும் பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டு உறுதிசெய்துகொள்வது பாதுகாப்பு.

ஆர்டர் கொடுத்த பிறகு இருபது நிமிடம்வரை ஆகலாம். உள்ளே முழுவதும் வேக அந்த நேரம் தேவை என்பதால், பசி முற்றும்வரை காத்திராமல் சற்று முன்னதாகவே போய் அமருங்கள். மேலாடையைப் பைக்குள் வைத்துக்கொள்வதும் நல்லது. சாஸும் கொழுப்பும் கலந்த புகை துணியில் ஏறினால் அன்று முழுவதும் போகாது.

3. கல்லின் முன் உண்ணும் முறை

ஒகோனோமியாகி கல்லிலேயே இருக்க, உண்பவர் சிறு இரும்புத் தகட்டுக் கரண்டியால் வெட்டி எடுத்து உண்பதுதான் கடை வழக்கம். ஒசாகாவில் அதைக் கோட்டே என்றும், ஹிரோஷிமாவில் ஹெரா என்றும் சொல்கிறார்கள். கல்லில் இருக்கும்வரை அடிப்பகுதி மொறுமொறுப்பாகவே இருக்கும். தட்டுக்கு மாற்றியதும் அதன் ஆவியே அடியில் தங்கி நனைத்துவிடும்.

வெட்டும்போது முக்கோணமாக வெட்டாமல், குறுக்கும் நெடுக்குமாகச் சதுரங்களாக வெட்டுங்கள். முக்கோணத் துண்டின் கூர்முனையை எடுக்கும்போது அது கரண்டியில் மடிந்து விழும். சிறு சதுரம் ஒரே வாய்க்கு அடங்கும். முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்டிவைத்தால் எல்லாப் பக்கமும் ஆவி வெளியேறி உலர்ந்துபோகும். உங்களுக்கு அருகில் உள்ள பகுதியிலிருந்து உண்ண உண்ண வெட்டிக்கொள்ளுங்கள். மீதியைக் கல்லின் சூடு குறைந்த ஓரத்துக்கு நகர்த்திவைத்தால் அடி கருகாது.

கரண்டி முனை கல்லின் சூட்டை வாங்கியிருக்கும். உதட்டில் படாமல் பல்லால் எடுக்கப் பழக வேண்டும். அது கைவராதவர்கள் சிறு தட்டும் குச்சியும் கேட்பதில் தவறே இல்லை. ஒசாகாவில் பலர் இதனுடன் சோறும் மிசோ சூப்பும் சேர்த்தே உண்கிறார்கள்.

4. வீட்டில் தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒருவருக்கான அளவு இது: மைதா 50 கிராம், தாஷிச் சாறு 50 மில்லிலிட்டர், துருவிய நாகைமோ 20 கிராம், முட்டைக்கோஸ் 150 கிராம், முட்டை ஒன்று, டென்கசு ஒரு கைப்பிடி, பெனி ஷோகா ஒரு தேக்கரண்டி, வெங்காயத்தாள் சிறிது, மெல்லிய பன்றி வயிற்றுக்கறித் துண்டுகள் மூன்று. இருவருக்கு என்றால் பொருள்களை இரட்டிப்பாக்கி, இரண்டு வட்டங்களாகச் சுடுங்கள். ஒரே பெரிய வட்டமாகச் சுட்டால் நடுப்பகுதி வேகுவதற்குள் ஓரம் காய்ந்துவிடும்.

தாஷி என்பது கோம்பு கடற்பாசியிலும் கட்சுவோபுஷி எனும் உலர்மீன் சீவலிலும் எடுக்கும் சாறு. வெறும் நீரில் கரைத்தால் மாவு சப்பென்றிருக்கும். இங்கே மாவில் உப்பு மிகக் குறைவு என்பதால் சுவை இந்தச் சாற்றிலிருந்தே வர வேண்டும்.

நாகைமோ ஜப்பானில் பச்சையாகவே உண்ணப்படும் ஒரு வள்ளிக்கிழங்கு. துருவினால் கொழகொழப்பாகிக் காற்றைப் பிடித்துவைக்கிறது. ஒகோனோமியாகி உள்ளே இலேசாக இருப்பதற்கு அதுவே காரணம். துருவும்போது கை அரிக்கும் என்பதால் கையுறை அணியுங்கள், அல்லது கையை வினிகர் கலந்த நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நாகைமோ கிடைக்காத ஊரில் நம் கடைகளில் உள்ள வள்ளிக்கிழங்குகளை அதற்கு மாற்றாகப் பச்சையாகத் துருவிப் போட வேண்டாம். அவற்றில் பல நன்றாக வேகவைத்த பிறகே உண்ணத் தகுந்தவை. அதற்குப் பதில் கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு மேசைக்கரண்டி கூடுதல் தாஷியும் சேர்த்தால் ஓரளவு அந்த மென்மை வரும்.

டென்கசு என்பது டெம்புரா பொரிக்கும்போது எண்ணெயில் சிதறும் மாவுத் துளிகள். கிடைக்காவிட்டால் மைதாவைக் குளிர்ந்த நீரில் தளர்வாகக் கரைத்து, சூடான எண்ணெயில் கரண்டியிலிருந்து துளித்துளியாகச் சிந்திப் பொரித்தெடுக்கலாம். காராபூந்தியைப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கடலைமாவும் மிளகாயும் சேர்ந்து தாஷியின் சுவையை முற்றாக விழுங்கிவிடும். பெனி ஷோகா பிளம் வினிகரில் ஊறிய சிவப்பு இஞ்சி. கொழுப்பின் திகட்டலை அறுப்பதற்கு அது தேவை.

கனமான இரும்புத் தோசைக்கல்லைவிடப் பொருத்தமான பாத்திரம் வீட்டில் இல்லை. கல் கனமாக இருந்தால்தான் குளிர்ந்த கலவை விழும்போது சூடு சட்டென்று இறங்காமல் இருக்கும். அதன்மேல் கவிழ்க்க ஒரு மூடி, அகலமான தோசைத்திருப்பி இரண்டு, இவ்வளவே.

தயார்நிலை ஒகோனோமியாகி மாவு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரித்த பொட்டலத்தை வெளியே வைத்தால் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் அதில் பெருகும். அந்த மாவில் செய்ததை உண்டு கடும் ஒவ்வாமைக்கு உள்ளானவர்களைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுட்டாலும் ஒவ்வாமைப் பொருள் அழிவதில்லை. பிரித்த பொட்டலத்தை இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, விரைவில் பயன்படுத்திவிடுங்கள். வெப்பமான ஊர்களில் இதில் அலட்சியம் கூடவே கூடாது.

5. முதலில் மாவைக் கரைத்து ஊறவிடுங்கள்

காய் நறுக்குவதற்கு முன்பே மாவைக் கரைத்துவிட வேண்டும். மைதாவில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தாஷியை ஊற்றிக் கட்டி மறையும்வரை மட்டும் கலக்கி, நாகைமோவைச் சேர்த்து, குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மாவு நீரை முழுதாக உறிஞ்சுவதற்கும், கலக்கும்போது இறுகிய பசைத்தன்மை தளர்வதற்கும் அந்த நேரம் தேவை. ஊறாத மாவில் சுட்டது மெல்லும்போது இழுவையாக இருக்கும்.

6. முட்டைக்கோஸை உலர்த்தி நறுக்குங்கள்

இலைகளைப் பிரித்துக் கழுவி, நீர் முழுவதும் வடிந்த பிறகே நறுக்குங்கள். இலைமேல் ஒட்டியிருக்கும் நீர் மாவை நீர்க்கச் செய்துவிடும். நமக்குத் தேவை இலைக்குள் இருக்கும் நீர் மட்டுமே. தடித்த நரம்பைச் சீவி எடுத்துத் தனியே மெல்லியதாக நறுக்கிச் சேர்க்கலாம்; நரம்பில்தான் இனிப்பு அதிகம்.

ஒசாகா முறைக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் அளவுள்ள சிறு துண்டுகள் வேண்டும். இதைவிடப் பெரிதானால் துண்டுகளுக்கிடையே மாவு பிடிக்காமல் திருப்பும்போது உடையும். மிக்சியில் அரைத்தாலோ துருவினாலோ சாறு கசிந்து கலவை கூழாகும். கத்தியை விட வேறு கருவி இதற்கு உதவாது. நறுக்கியதில் உப்புப் போட்டுப் பிசைவதும், பிழிவதும் பொரியலில் பழகிய கையின் பழக்கம். இங்கே அதை விட்டுவிட வேண்டும்.

7. சுடப்போகும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள்

கல்லை அடுப்பில் ஏற்றிய பிறகே கலக்கத் தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கிண்ணம் எடுத்து, மாவு, முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், பெனி ஷோகா, கடைசியாக டென்கசும் முட்டையும் சேருங்கள். முன்னதாகவே கலந்து வைத்தால் மாவில் உள்ள உப்பு முட்டைக்கோஸின் நீரை வெளியே இழுத்துவிடும். டென்கசும் ஊறிக் குழைந்துவிடும். விருந்தினர் வரும் நாளில் நேரத்தை மிச்சப்படுத்த எல்லாவற்றையும் ஒரே பெரிய பாத்திரத்தில் கலந்துவைப்பவர்களுக்கு முதல் வட்டம் நன்றாகவும், நான்காவது வட்டம் சதசதப்பாகவும் வருவது இதனால்தான்.

கரண்டியை அடியில் செலுத்தி மேலே தூக்கித் தூக்கிப் போடுங்கள். வட்டமாகச் சுழற்றி அடித்துக் கலக்கினால் நாகைமோ பிடித்துவைத்த காற்று போய்விடும். முட்டையின் மஞ்சள் கீற்றுகள் இன்னும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரியும்போதே நிறுத்திவிடலாம்.

8. அழுத்தாமல் சுடுங்கள்

கல்லின் சூடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஒரு துளி நீர் தெளித்துப் பாருங்கள்: துளி சடாரென்று காய்ந்து மறையாமல் முத்தாக உருண்டு ஓடினால் சூடு போதும். எண்ணெயை மெல்லப் பூசி, தீயை நடுத்தரத்துக்கு இறக்கிக் கலவையை ஊற்றுங்கள்.

கலவையைக் குவியலாக வைத்து, ஓரத்தைத் திருப்பியால் தட்டி வட்டமாக்குங்கள். தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தோசைபோல் மெல்லியதாகப் பரப்பினால் உள்ளே ஆவி தங்க இடமில்லாமல் முட்டைக்கோஸ் வேகாமலேயே வறண்டுபோகும். மேலே பன்றிக்கறித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரித்து வையுங்கள்.

மூன்று நான்கு நிமிடத்தில் ஓரங்களின் ஈரப் பளபளப்பு மங்கும். ஒரு பக்கம் சற்றுத் தூக்கிப் பார்த்தால் அடி பழுப்பாக இருக்கும். இரண்டு திருப்பிகளையும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து நடுப்பகுதிவரை செலுத்தி, கல்லிலிருந்து அதிகம் உயர்த்தாமல், தயங்காமல் ஒரே வீச்சில் உங்களை நோக்கிப் புரட்டுங்கள். பிளந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. திருப்பியால் இரு பக்கமும் நெருக்கிச் சேர்த்துவைத்தால் இறுகிவரும் முட்டை அதை ஒட்டிவிடும்.

இப்போது மூடியிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். முட்டைக்கோஸ் உண்மையில் வேகும் நேரம் இதுதான். கறியிலிருந்து கொழுப்பு உருகத் தொடங்கும்போது மூடிக்குள் நீர் சீறும் ஓசை மெதுவாகக் குறைந்து, எண்ணெயில் பொரியும் சடசடப்பாக மாறுவதைக் காதால் கேட்கலாம்.

இந்த ஐந்து நிமிடத்தில் திருப்பியால் அமுக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து அமுக்காதீர்கள். ஒவ்வொரு அழுத்தத்திலும் உள்ளே இருக்கும் ஆவியும் காற்றும் வெளியேறி, வட்டம் தட்டையாகி, நடுப்பகுதி மாவுக்கட்டியாக இறுகும். இதுவரை செய்த கவனம் அத்தனையும் அதில் வீணாகிறது.

மூடியைத் திறந்து மறுபடி ஒரு முறை திருப்பி, மூடாமல் இரண்டு நிமிடம் விட்டால் அடி மீண்டும் மொறுமொறுப்பாகும். நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈர மாவு ஒட்டக் கூடாது. பன்றிக்கறியில் இளஞ்சிவப்பு எங்கும் இருக்கக் கூடாது.

9. சாஸைக் கடைசியில் பூசுங்கள்

தீயை அணைத்த பிறகு சாஸைப் பூசுங்கள். சர்க்கரை நிறைந்த சாஸ் சூடான கல்லில் வழிந்தால் கருகிக் கசக்கும், இரும்பிலும் ஒட்டிக்கொள்ளும். ஓரம்வரை சமமாகப் பூச வேண்டும். ஒடாஃபுகு போன்ற ஒகோனோமியாகி சாஸ் கிடைக்காவிட்டால் தக்காளி கெச்சப் இரண்டு பங்கு, வூஸ்டர் சாஸ் இரண்டு பங்கு, ஆய்ஸ்டர் சாஸ் ஒரு பங்கு, சிறிது சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டுக் கெட்டியாக்கிக்கொள்ளலாம்.

அதன்மேல் மயோனைஸ், பிறகு அவோநோரி கடற்பாசித் தூள், கடைசியாகக் கட்சுவோபுஷிச் சீவல். சீவல் ஆவியின் ஈரம் பட்டதும் சுருண்டு அசையும். அது அசையும் சூட்டில் பரிமாறினால் சரியான நேரத்தில் பரிமாறுகிறீர்கள்.

10. பன்றியும் மீனும் வேண்டாதவர்களுக்கு

பன்றிக்கறியை விடுவது எளிது. இறால், கணவாய், மெல்லிய கோழித் துண்டுகள் எதையும் வைக்கலாம். வயிற்றுக்கறியின் கொழுப்பே அந்தப் பக்கத்தைப் பொரித்துத் தருகிறது என்பதால், அது இல்லாதபோது திருப்பும் முன் கல்லில் கூடுதலாக ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட வேண்டும்.

சைவர்கள் கவனிக்க வேண்டும்: இதில் மீனும் இறைச்சியும் மறைந்திருக்கும் இடங்கள் பல. தாஷியில் மீன் இருக்கிறது. தயார்நிலை மாவிலும், டென்கசுப் பொட்டலத்திலும் மீன் அல்லது இறால் சேர்ந்திருக்கலாம். சாஸ்கள் பலவற்றில் சிப்பிச் சாறோ இறைச்சிச் சாறோ உண்டு. கடையில் இறைச்சி வேண்டாம் என்பதற்கு ‘நிக்கு நாஷி’ என்றும், மீன் சீவல் வேண்டாம் என்பதற்கு ‘கட்சுவோபுஷி நாஷி’ என்றும் சொல்லலாம். ஆனால் மாவு முன்பே தாஷியில் கரைக்கப்பட்டிருக்கும் என்பதால் அது முழுச் சைவம் ஆகிவிடாது. கண்டிப்பான சைவர்கள் சைவம் என்றே அறிவித்து நடத்தும் கடையைத் தேடுவதே சரி. வீட்டில் கோம்பையும் உலர்ந்த ஷிட்டாகே காளானையும் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு தாஷியின் இடத்தை நிறைவாகவே நிரப்புகிறது.

11. கை பழகியபின் ஹிரோஷிமா முறை

மாவும் தாஷியும் இங்கே தளர்வாகக் கரைக்கப்பட வேண்டும், நாகைமோ தேவையில்லை. முட்டைக்கோஸைத் துண்டுகளாக்காமல் மெல்லிய நீள இழைகளாக அரியுங்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னி அடுக்கைத் தாங்கும்.

ஒரு கரண்டி மாவைக் கல்லில் இருபது சென்டிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய வட்டமாகத் தேய்த்து, மீன் தூளைத் தூவி, முட்டைக்கோஸை மலைபோல் குவியுங்கள். அதன்மேல் முளைப்பயறு, டென்கசு, பன்றிக்கறித் துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேல் சிறிது மாவைச் சிந்துங்கள். திருப்பும்போது கறியும் காயும் பிரிந்துவிடாமல் பிடிப்பது அந்த மாவுதான்.

இரண்டு திருப்பிகளால் புரட்டியதும் மாவு வட்டம் மேலே வந்து மூடியாகிவிடும். ஓரத்தில் சிதறிய இழைகளை அதனடியில் தள்ளிச் சேர்த்துவிட்டு, மூடியில்லாமல் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். குவியல் பாதி உயரத்துக்குத் தானே அமிழும். புதியவர்கள் இங்கே பொறுமையிழந்து அமுக்கினால் சாறு கல்லில் வழிந்து, அடியில் உள்ள கறி பொரியாமல் நீரில் வெந்துபோகிறது.

அதற்குள் பக்கத்துக் கல்லில் வேகவைத்த நூடுல்ஸைச் சிறிது எண்ணெயிலும் சாஸிலும் புரட்டி, அதே அகலத்துக்கு வட்டமாகப் பரப்புங்கள். அதன் அடி சற்று மொறுமொறுப்பாகும்வரை கிளறாமல் விடுவது முக்கியம். உதிரியாக இருக்கும் நூடுல்ஸின் மேல் அடுக்கு நிற்காமல் சரியும். அடுக்கை அப்படியே தூக்கி நூடுல்ஸின் மேல் வையுங்கள்.

காலியான கல்லில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவைக் கலைத்து வட்டமாகப் பரப்பி, அது இறுகும் முன் முழு அடுக்கையும் அதன்மேல் ஏற்றுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஏற்றினால்தான் முட்டை நூடுல்ஸோடு ஒட்டும். அரை நிமிடத்தில் மொத்தத்தையும் புரட்டினால் முட்டை மேலே வரும். சாஸையும் அவோநோரியையும் அதன்மேல் இடுங்கள். மயோனைஸ் இங்கே அவரவர் விருப்பம்.

12. மீந்ததை வைத்திருக்க

சாஸ் பூசாததை மட்டுமே எடுத்துவையுங்கள். ஆறியதும் காற்றுப் புகாமல் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வைத்து, வேண்டும்போது மைக்ரோவேவில் உள்ளே சூடாகும்வரை வைத்துவிட்டு, எண்ணெய் பூசாத சூடான கல்லில் இரு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் போட்டு எடுத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். மைக்ரோவேவ் இல்லாதவர்கள் முதல் நாளே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றி உறை தளர்ந்த பிறகு, கல்லில் சிறுதீயில் மூடியிட்டுச் சூடாக்க வேண்டும். உறைந்த நிலையிலேயே கல்லில் போட்டால் நடுப்பகுதி குளிர்ந்திருக்கும்போதே அடி கருகிவிடும்.